மலையில் ஒலித்த பாலை

குறிஞ்சி நிலத்துக்குரிய ஒழுக்கம் புணர்தல் என்று வகுத்தனர் நம் முன்னோர். மலை என்றதும் காதலர் கூடி மகிழும் இன்பமே அவர்கள் நினைவுக்கு வந்தது. ஆனால், நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் வழங்கிய காதற் பாடல்களைக் கேட்பவர், மலையிலே பாலையின் குரல் ஒலிப்பதை உணர்வர். கொழுந்து பறிக்கும் பெண் மச்சானை அழைக்கிறாள். அவனோ தொலைவில் இருக்கிறான். இந்த ஏக்கம் எங்கிருந்து வந்தது?

கோப்பிக் காலத்தில் ஆடவரே பெரும்பாலும் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலையேறினர். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே, குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன.

சங்கத் தலைவன் பொருள் தேடிப் பிரிவான், பொருளோடு மீள்வான். தோட்டத்துக்கு வந்தவனைக் கங்காணியின் முன்கடன் பிணித்தது. அக்கடனைக் குறித்த சீட்டைத் 'துண்டு' என்றனர். கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் பெயர்தல் அரிது. 1921இல் அம்முறை ஒழிக்கப்படும் வரை, அடுத்த மலையில் இருந்த காதலியும் அவனுக்குத் தொலைவில் இருந்தவளே!

இப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் தோட்டத்திலே பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றவர் அவர். மறுஆண்டே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஒரே லயத்தில் வளர்ந்த உறவுகள் இரு நாட்டவராயின. தலைமன்னார்க் கப்பலுக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. பிரிந்து சென்றவர் சென்றவரே.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். அவர் சொன்ன திரிபு வெங்கதிரோனின் வெம்மையால் நேர்வது. நுவரெலியாவின் பனிமலையில் வெயிலின் கொடுமை இல்லை. அங்கே குறிஞ்சியைப் பாலையாக்கியவை கடன் சீட்டும், சட்டமும், ஒப்பந்தமுமே. மச்சானைத் தேடும் அந்த எளிய பாட்டில் நாம் கேட்பது ஒருத்தியின் ஏக்கம் மட்டுமன்று. ஒரு சமுதாயத்தின் வரலாறும் ஆகும்.