வாளியில் வளரும் ஹோஸ்டாவும் ஒரு நாடு கடத்தலும்

சிம்லாவுக்கு மாற்றலாகி வந்து இது மூணாவது வருஷம். குவார்ட்டர்ஸ் வராந்தா வடக்கு பார்த்தது, வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த துளசி முதல் பனியிலேயே போய்ச் சேர்ந்தது. நிழல் என்று சொன்னதும் நர்சரிக்காரர் என் தலையில் கட்டியதுதான் ஹோஸ்டா. சேப்பங்கிழங்கு இலைக்குத் தங்கச்சி மாதிரி, நீலம் பூசிய பச்சையில் அகலமான இலை. பழைய பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய இலையும் கலந்து வைத்தேன்.

நவம்பரில் எல்லா இலையும் காய்ந்து விழுந்தது. தங்கமணி வாளியைக் காலி பண்ணச் சொன்னாள். சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டேன். ஏப்ரலில் பார்த்தால் வெற்றிலைச் சுருள் போல முளைகள்! குளிரில் தூங்கி எழுந்தால்தான் இதற்கு உயிராம்.

சரி, இதன் பூர்வீகம் என்ன என்று தேடினேன். ஜப்பான், சீனா, கொரியா. ஜப்பானில் இளந்தளிரை 'உருய்' என்று கீரையாகச் சாப்பிடுகிறார்கள். (இன்னும் கூட்டு வைத்துப் பார்க்கவில்லை.) 1812-ல் டிராட்டினிக் என்ற ஆஸ்திரியர், நிக்கோலஸ் ஹோஸ்ட் என்ற மருத்துவரின் பெயரைச் செடிக்கு வைத்தார். 1817-ல் ஸ்ப்ரெங்கல் என்பவர் ஃபுங்கியா என்று மாற்ற, 1905 வியன்னா தாவரவியல் மாநாடு வரை இழுபறி. பெயர் திருத்த மனு ஒன்று என் மேஜையில் இத்தனை நாள் கிடந்தால் என்னைத் தொலைத்துவிடுவார்கள்!

பெயர்க்கதையை விட ஆள் கதைதான் என்னைப் படுத்தியது. ஜப்பானிலிருந்து பல ரகங்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர் சீபோல்ட். ஜெர்மன் டாக்டர், டச்சுக்காரர்களிடம் வேலை. 1823-ல் நாகசாகிக்கு ஒட்டிய தேஜிமா தீவுக்கு வந்தார். தாக்கி என்ற பெண்ணோடு குடும்பம் நடத்தினார். 1827-ல் மகள் இனே பிறந்தாள். மறுவருஷம் அவரிடம் ஜப்பான் வரைபடங்கள் இருந்தது தெரிந்துபோனது. அந்நியரிடம் அதைக் கொடுப்பது பெரிய குற்றம். கொடுத்த வானியல் அதிகாரி தகாஹாஷி காகெயாசு 1829-ல் சிறையிலேயே இறந்தார். அந்த வருஷக் கடைசியில் சீபோல்ட் நாடு கடத்தப்பட்டார். செடிகளைக் கப்பலில் ஏற்ற முடிந்தது. ஜப்பானியர் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்ற சட்டத்தால் தாக்கியையும் ரெண்டு வயசுக் குழந்தையையும் ஏற்ற முடியவில்லை.

ஹாலந்தில் லைடன் நகரில் அந்தச் செடிகளைப் பெருக்கினார். நீல இலை ரகத்துக்கு இன்றும் ஹோஸ்டா சீபோல்டியானா என்றுதான் பெயர். அவர் திரும்ப ஜப்பான் போனது 1859-ல். இனே அதற்குள் மருத்துவம் கற்றிருந்தாள்.

எனக்கும் மாற்றல் வரப் போகிறது. சென்னை கேட்டிருக்கிறேன். அங்கே இந்தச் செடிக்குக் குளிருக்கு எங்கே போவது? "அதையும் கூட்டிட்டுப் போலாம்ப்பா" என்கிறாள் சின்னவள். போன ஞாயிறு கிழங்கை ரெண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கீழ் வீட்டு மாமிக்குக் கொடுத்துவிட்டேன். மறுபாதி வாளியில் இருக்கிறது.