வீட்டை விழுங்கிய நூலகம்

'பதுக்கல்' என்னும் சொல்லில் காவல்நிலைய வாடை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போர்க் கால அரிசித் தட்டுப்பாடும் 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டமும் அச்சொல்லைக் கிடங்கோடும் கொள்ளை இலாபத்தோடும் பிணைத்துவிட்டன. 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம், பொருள்களை விடமுடியாமல் குவித்துக்கொண்டே போகும் நிலையைத் தன் கையேட்டில் தனி நோயாக வரையறுத்தது. அதனைத் தமிழில் 'பதுக்கல் நோய்' என்று பெயர்ப்பது எளிது. பொருந்துமா என்பது வேறு. பதுக்குபவர் விலை ஏறும் நாளுக்காகக் காத்திருக்கிறார். இந்நோய்க்கு ஆட்பட்டவருக்கோ அப்படியொரு நாள் வருவதேயில்லை. 'குவிப்பு' என்பது சற்று நெருங்கிவரும் சொல்.

திருக்குறளின் 'நன்றியில் செல்வம்' அதிகாரத்து முதற்குறள், பெரும்பொருளை வைத்தும் நுகராதவனைச் செத்தவனாகவே எண்ணுகிறது. அப்பெரும்பொருளை விளக்கும் பரிமேலழகர், மனையின் அகலமெல்லாம் நிறையத்தக்கது என்கிறார். வீடு நிறைந்துபோதலை உரையாசிரியர் கண்டிருக்கிறார். ஆனால் காரணத்தை உலோபம் என்று முடித்துவிடுகிறார். குவிப்பை அறக்குற்றமாகக் காணும் இப்பார்வை நெடுங்காலம் நீடித்தது. அதற்கு ஒரே விலக்கு, குவிக்கப்படும் பொருள் நூலாக இருப்பது. நூலைக் குவிப்பவரை உலகம் பழிப்பதில்லை, வியக்கிறது.

இங்கிலாந்தின் சர் தாமஸ் பிலிப்ஸ் (1792–1872) அவ்வாறு வியக்கப்பட்டவர். உலகின் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி தம்மிடம் இருக்கவேண்டும் என்று விரும்பிய அவர், ஏறத்தாழ 60,000 கையெழுத்துப்படிகளைச் சேர்த்தார். மிடில் ஹில் மாளிகையின் அறைகள் ஒவ்வொன்றாகப் பெட்டிகளுக்குள் மறைந்தன. நூல் வணிகர்களின் கடன் தீராது நீண்டது. கூடத்தில் உணவு மேசைக்கும் இடமில்லாத வீட்டில் மனைவியும் மகள்களும் வாழ்ந்தனர். இரண்டாம் மனைவி தம் இறுதிக் காலத்தில் டார்க்கி என்னும் கடற்கரை ஊரின் வாடகை விடுதியில், போதிய பணமின்றி நாள்களைக் கழித்தார். 1863இல் செல்ட்டன்ஹாமுக்கு இடம்பெயர்ந்தபோது நூறு வண்டிச் சுமைக்கும் மேல் தேவைப்பட்டது. புதுவீடும் நிறைந்தது. எதையும் இடம் மாற்றக்கூடாது, விருப்பமில்லாத மருமகன் உள்ளே நுழையக்கூடாது என்று உயில் எழுதி அவர் மறைந்தார். அவ்வுயிலின் பிடியிலிருந்து நூல்களை விற்க 1885இல்தான் நீதிமன்றம் வழிவிட்டது. விற்பனை நூறாண்டுகள் தொடர்ந்தது.

அழிந்திருக்கக்கூடிய பல படிகளைக் காத்தவர் பிலிப்ஸ் என்பதும் உண்மை. அறிஞர்களைத் தம் வீட்டில் ஏற்கவும் செய்தார். ஆய்வுலகம் அவரிடம் பட்ட நன்றிக்கடனே அவருடைய கதையைச் சுவையான கிறுக்காக எழுத வைத்திருக்கிறது. ஆவணத்தால் பயன்பெற்றவரே வரலாறு எழுதுகிறார். மேசை இழந்த மனைவி எழுதுவதில்லை.

தமிழில் இதற்கு மாறான ஒரு முடிவு உண்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் விளம்பரப் பலகை ஓவியர் ரோஜா முத்தையா, நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளுமாக இலட்சம் உருப்படிகளளவில் திரட்டினார். ஆய்வாளர்கள் அவ்வூருக்கே தேடிச்சென்றனர். 1992இல் அவர் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. இன்று அது சென்னைத் தரமணியில் பொது நூலகம். ஒரு வீட்டின் திரள் இரண்டே ஆண்டில் வேறொருவர் கைக்குப் போக முடிந்தது.

ஆகவே எண்ணிக்கையோ பொருளின் மதிப்போ அளவுகோல் ஆகா. 1996இல் ராண்டி ஃபிராஸ்டும் தமாரா ஹார்ட்லும் முன்வைத்த விளக்கம் வேறிடத்தைத் தொடுகிறது: எதை வைப்பது, எதை விடுவது என்று வகைப்படுத்தித் தீர்மானிப்பதில் இடர்ப்பாடு; பொருளின் மீது மிகையான உணர்வுப் பிணைப்பு; விட்டால் ஏதோ இழந்துவிடுவோம் என்னும் அச்சம்; அவ்வச்சத்தைத் தவிர்க்கவே முடிவைத் தள்ளிப்போடுதல். பழைய செய்தித்தாளை எறிய மறுப்பவர் தாளை அன்று, அதில் இருக்கக்கூடிய தகவலைக் காக்கிறார். ஆய்வு மாணவர்களுக்கு இது அயலான உணர்வன்று.

பாதிப்பை எங்கே காண்பது? பெங்களூரின் ஸ்ரீராம்புரம் போன்று சிறு வீடுகள் சுவரோடு சுவர் நெருங்கிய பகுதிகளை எண்ணிப் பார்க்கலாம். பிலிப்ஸுக்கு ஒரு மாளிகையை அடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. ஓரறை வீட்டில் பத்து மூட்டை போதும்: அடுப்பைச் சுற்றித் தாள், கட்டிலின் மேல் துணிமூட்டை, பாதி திறக்கும் கதவு. தீப்பற்றினால் அண்டைச் சுவரும் அதில் அடக்கம். அதே வேளையில், நாளைக்கு வாங்க முடியாது என்பதால் இன்று எடுத்துவைக்கும் ஏழையின் சேமிப்பை நோயென்று முத்திரை குத்துவதும் பிழை. நோயறிதல் கேட்பது ஒன்றே: சமைக்குமிடத்தில் சமைக்கவும் உறங்குமிடத்தில் உறங்கவும் இயல்கிறதா, பொருளைப் பிரியும்போது எழும் துயர் வாழ்வைக் குலைக்கிறதா என்பது.

வெளியூர் போன நேரம் பார்த்து உறவினர் வீட்டைக் காலிசெய்துவிடுவது வழக்கமான தீர்வாக இருக்கிறது. கடுந்துயரும் அவநம்பிக்கையும் மிஞ்ச, வீடு மீண்டும் நிறைகிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மெதுவானது. ஒவ்வொரு பொருளையும் உரியவரே கையில் எடுத்து, அவரே முடிவுசெய்யப் பழக்குவது அது. நிம்ஹான்ஸ் மருத்துவமனை அதே பெங்களூரில்தான் இருக்கிறது. 'பதுக்கல்காரர்' என்று அழைக்கப்பட்ட ஒருவர் அங்கே போக ஒப்புவாரா என்பதே ஐயம்.