இடறல்: பொறியிலிருந்து கல்லுக்கு

"அந்த அக்கா இடறிப் போயிட்டாங்க, இப்பல்லாம் ஆராதனைக்கு வர்றதில்ல." தமிழ்ச் சபைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. யாரோ ஏதோ சொல்லி, மனம் நொந்து ஒதுங்கிவிட்டவரைப் பற்றித்தான் அப்படிச் சொல்வார்கள். சபைக்கு வெளியே இருப்பவர் இதையே 'மனஸ்தாபம்' என்பார். 'மனசு புண்பட்டுப் போச்சு' என்பார். கிறிஸ்தவர் மட்டும் ஏன் காலில் கல் தட்டிய கணக்காகப் பேசுகிறார்? அந்தச் சொல் வந்த வழியைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால், கிரேக்க வேட்டைக்காரன் வைத்த பொறியில் போய் நிற்போம்.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இதற்குரிய சொல் 'ஸ்கந்தலோன்'. அதன் உறவுச் சொல்லான 'ஸ்கந்தலேத்ரோன்' பொறியில் இரை மாட்டும் குச்சியைக் குறித்தது. எலிப்பொறியில் கருவாட்டுத் துண்டைக் குத்தி வைக்கும் கம்பி போன்றது அது. கதவு விழாமல் பிடித்து நிறுத்துவதும் அதுவே. எலி வாய் வைத்ததும் நழுவிக் கதவை விழவைப்பதும் அதுவே. கி.மு. 425இல் ஏதென்ஸில் மேடையேறிய 'அக்கார்னியர்' நாடகத்தில் அரிஸ்டோஃபனிஸ் இச்சொல்லைப் பேச்சுக்கு ஏற்றிவிட்டார். தள்ளாத கிழவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்து வந்து, சொல்லாலேயே பொறி வைத்து மடக்குகிறார்கள் என்பது அவர் செய்த கேலி.

பொறியைக் கல்லாக்கியவர்கள் யூத மொழிபெயர்ப்பாளர்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டு தொடங்கி எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, இரண்டு எபிரேயச் சொற்களுக்கு இந்த ஒரே சொல்லைக் கையாண்டார்கள். ஒன்று 'மோக்கேஷ்', அதாவது கண்ணி. மற்றது 'மிக்ஷோல்', அதாவது வழியில் கிடந்து காலைத் தடுக்கும் பொருள். பார்வையற்றவன் நடக்கும் பாதையில் தடுக்கி விழ எதையும் வைக்காதே என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடும் இடத்தில் கிரேக்கத்தில் நிற்பது 'ஸ்கந்தலோன்'தான்.

அங்கிருந்து லத்தீனுக்குப் போய் 'ஸ்காண்டலும்' ஆயிற்று. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இரட்டைப் பிள்ளையாகப் பிறந்தது: ஒன்று 'ஸ்கேண்டல்', மற்றொன்று அவதூறு என்று பொருள்படும் 'ஸ்லாண்டர்'. தமிழில் ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் நிறைவுசெய்த திருப்புதலின் வழிவந்த வேதாகமம் 'இடறல்' என்கிறது. பொருத்தமான தேர்வு. தமிழில் 'இடறு' இருபக்கமும் வேலை செய்யும் வினை. கல்லில் கால் இடறுகிறது. யானையோ தன் காலால் ஆளை இடறுகிறது. விழுவதும் விழத்தாட்டுவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. 1995இல் வந்த திருவிவிலியம், 'பாவத்தில் விழச் செய்வது' என்று இதை விரித்துச் சொல்கிறது. சிலுவையைப் பற்றிப் பவுல் பேசும் இடத்தில் 'தடைக்கல்' என்கிறது.

அண்மைக்காலப் பிரசங்கங்களில் அந்தப் பழைய பொறிக்கே மவுசு. மனக்கசப்பு என்பது சாத்தான் வைக்கும் இரை, வாய் வைத்தால் மாட்டிக்கொள்வாய், ஆகவே இடறாதே என்பார்கள். சொற்பிறப்பு அளவில் இதில் பிழையில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு, புண்பட்டவர் தலையிலேயே பழி முழுவதும் இறங்கிவிடுகிறது. பொறி வைத்தவனை யாரும் கேட்பதில்லை.

வேதம் இச்சொல்லை வைத்து யாரிடம் அதிகம் பேசுகிறது என்று பார்க்க, மத்தேயு 18ஆம் அதிகாரமே போதும். அங்கே இயேசு முதலில் எச்சரிப்பது, சிறியவரை இடறச் செய்பவரை. அவர் கழுத்தில் கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவதே மேல் என்கிறார். தமிழில் 'ஏந்திரக்கல்' என்று படிக்கிறவருக்குப் பாட்டி வீட்டுத் திரிகை நினைவுக்கு வரலாம். மூலத்தில் இருப்பது கழுதை பூட்டிச் சுற்றும் ஆலையின் மேற்கல். கப்பர்நகூமில் கிடைத்த கறுத்த எரிமலைப்பாறை ஆலைக்கற்கள் ஒரு ஆள் எளிதில் அசைக்கக்கூடியவை அல்ல. பவுலும் இதே பக்கம்தான். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைத் தின்பதில் குற்றமில்லை என்று அறிந்தவர் அவர். ஆயினும் பலவீனமான சகோதரன் அதனால் இடறுவான் என்றால் இறைச்சியையே தொடமாட்டேன் என்று கொரிந்தியருக்கு எழுதினார்.

புண்பட்டவருக்கும் மத்தேயுவின் அதே அதிகாரத்தில் வேலை இருக்கிறது, அது வாயை மூடிக்கொண்டு சகிப்பதன்று. குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் போய் எடுத்துச் சொல். கேட்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிப் போ. அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல். ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஆளிடம் வருவது நம் வழக்கம். இங்கே வரிசை நேர்மாறு. இதற்குப் பிறகுதான் எத்தனை தரம் மன்னிப்பது என்று பேதுரு கேட்கிறார். பதிலாக வரும் கதையில் ஒருவன் 10,000 தாலந்து கடன் தள்ளுபடி பெற்றுவிட்டு, தனக்கு 100 வெள்ளிக்காசு தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு காசு ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து 6,000 காசு. முதல் கடன் 6 கோடி நாள் கூலி, இரண்டாவது 100 நாள் கூலி. அந்த 100 நாள் கூலியும் ஏழைக்குச் சில்லறையில்லை. பட்ட காயம் பெரியதுதான் என்பதைக் கதை மறைக்கவில்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மனம் நோவதற்குக் கிரேக்கத்தில் 'லுப்பே' என்று தனிச் சொல் உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், சபைக்குத் துக்கம் உண்டாக்கிய ஒருவனை மன்னித்துத் தேற்றும்படி பவுல் கேட்கும்போது இந்தச் சொல்லின் வினைவடிவமே வருகிறது. நோவு பாவம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அந்த நோவால் ஒருவர் விசுவாசப் பாதையை விட்டே விலகும்போதுதான் அது இடறல் ஆகிறது. அழுதுகொண்டிருப்பவரிடம் "இடறாதீங்க" என்று சொல்வது, விழாதவரை விழுந்தவராக்கும் பேச்சு.

லூக்கா 17ஆம் அதிகாரத்திலும் இடறலும் மன்னிப்பும் அடுத்தடுத்தே வருகின்றன. தவறு செய்தவனைக் கண்டிக்க வேண்டும். மனந்திரும்பினால், ஒரே நாளில் ஏழு தரம் வந்தாலும் மன்னிக்க வேண்டும். இதைக் கேட்ட உடனேதான் அப்போஸ்தலர் தங்கள் விசுவாசத்தைப் பெருகச் செய்யும்படி கேட்கிறார்கள். பேய் ஓட்டவும் நோய் தீர்க்கவும் போனவர்கள் அவர்கள். அப்போது கேட்காததை, கூட இருப்பவனை ஏழாவது தரம் மன்னிக்கச் சொன்னதும் கேட்டார்கள். ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்ட அக்காவின் வீட்டுக்குப் போகும் மூப்பர்களுக்கும் அந்த விசுவாசம் வேண்டும். அவர் இடறியதைப் பேசுவதற்கு முன், எதில் இடறினார், அதை அங்கே போட்டது யார் என்று கேட்க அதுவே தைரியம் தரும்.