கை உதறலும் காரைக்கால் எல்லையும்

எங்கள் பக்கம் ஒருத்தர் குடிப்பவரா இல்லையா என்று வாடையை வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை. காலை ஆறு மணிக்கு டீக்கடையில் கிளாஸை எப்படிப் பிடிக்கிறார் என்று பார்ப்பார்கள். ரெண்டு கையாலும் அணைத்துப் பிடித்தால் விஷயம் புரிந்துவிடும். "கை உதறுது" என்பார்கள். நாற்றுமுடி கட்டும்போதும் அரிவாளைத் தீட்டும்போதும் அதை மறைக்க முடியாது. பீடி பற்ற வைக்க மூணு தீக்குச்சி செலவாகும். (கை நடுங்கும் எல்லாரும் குடிப்பவர்கள் இல்லை. வயசாலும் வரும், தைராய்டாலும் வரும், பரம்பரையாகவும் வரும். டீக்கடைத் தீர்ப்பு பல நல்லவர்கள் மேலும் விழுந்திருக்கிறது.)

உதறலுக்கு ஊருக்கே தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சாராயக்கடை திறந்ததும் ஒரு கிளாஸ். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கை நின்றுவிடும், ஆள் வேலைக்கு வந்துவிடுவார்.

சென்னையில் இருந்து வரும் நண்பர்கள் "உங்க ஊர்ல சரக்கு சீப்பாமே" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் கதையைத்தான் இன்றைக்கு எழுத நினைத்தேன்.

காரைக்கால் 1739-இல் தஞ்சாவூர் மராட்டிய அரசரிடம் இருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. சுற்றிலும் வெள்ளைக்காரன் ராஜ்ஜியம், நடுவில் இந்தத் துண்டு. வாய்க்கால் தண்ணீர் அங்கிருந்து இங்கே வரும், பெண் கொடுத்து எடுப்பது ரெண்டு பக்கமும் நடக்கும், சட்டம் மட்டும் வேற. இந்த வேற்றுமை குடி விஷயத்தில் நன்றாகத் தெரிய ஆரம்பித்தது மதுவிலக்கு வந்த பிறகுதான். ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார்கள். இன்று நாம் கட்டுகிற வரிக்கெல்லாம் அதுதான் பாட்டன். யுத்த காலத்தில் மதுவிலக்கு தளர்ந்தது. பிறகு 1948 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், சென்னை மாகாணம் முழுக்க மூடினார்கள்.

தஞ்சாவூர் ஜில்லா காய்ந்தது. காரைக்கால் காயவில்லை. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் போனது, 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது, 1963-இல் யூனியன் பிரதேசம் ஆனது. கொடி மாறியதே தவிர கடை மூடவில்லை. தமிழ்நாட்டில் 1971-இல் திறந்தார்கள், 1974-இல் மூடினார்கள், 1981-இல் திறந்தார்கள். 1987 முதல் அங்கே கள்ளுக்குத் தடை, 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். இங்கே கள்ளுக்கடையும் சாராயக்கடையும் ஏலம் எடுத்து இன்றைக்கும் நடக்கின்றன. அங்கே ஒவ்வொரு தடவை மூடும்போதும் இங்கே வாஞ்சூரிலும் நண்டலாறு பக்கமும் கூட்டம் ஏறும். எங்க தாத்தா காலத்து ஆட்கள் அந்தக் கூட்டத்தைத் திருவிழா மாதிரிச் சொல்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் ஆசைக்கு வந்தார்கள், எத்தனை பேர் கை நிற்க வந்தார்கள் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. சட்டம் கடையைப் பற்றிப் பேசியது. முந்தாநாள் வரை தினமும் குடித்த கூலிக்காரனின் கை, கடை மூடிய மறுநாள் என்ன ஆகும் என்பதைப் பேசவில்லை. வசதி உள்ளவர் டாக்டர் சர்டிபிகேட் காட்டி பர்மிட் வாங்க வழி இருந்தது. மற்றவர்களுக்குக் கள்ளச்சாராயம், இல்லையென்றால் காரைக்கால். மதுவிலக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடும்பங்கள் பிழைத்த கதை நிறையவே கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த முதல் ஒரு வாரம் யார் கணக்கிலும் இல்லை.

அந்த முதல் வாரத்தில் என்ன நடக்கிறது? குடிப்பதால் கை நடுங்குவதில்லை, குடி இறங்கும்போதுதான் நடுங்குகிறது. மேட்டில் பார வண்டி இழுக்கும் மாடு முழு பலத்தையும் முன்னால் போட்டு இழுக்கும். அந்த நேரம் பூட்டாங்கயிறு அறுந்தால் மாடு முன்னால் போய் விழும். மூளையும் அப்படித்தான். சாராயம் நாள் முழுக்க மூளையை அமுக்கிக்கொண்டே இருக்க, மூளை அதற்கு எதிராகத் தன்னைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. சாராயம் திடீரென்று நின்றால் தூண்டல் மட்டும் மிஞ்சும். கடைசிக் கிளாஸ் உள்ளே போய் 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல். முதல் ரெண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு. மூணாம் நாள், நாலாம் நாள் வாக்கில் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், இல்லாத ஆளோடு பேச்சு நடக்கும். காய்ச்சலும் படபடப்பும் ஏறும்.

இந்தச் சித்தக் கலக்கத்தைத் தனி நோயாகப் பிரித்துப் பெயர் வைத்தவர் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய வைத்தியர், 1813-இல். 'டெலிரியம் ட்ரெமென்ஸ்', நடுக்கத்தோடு வரும் பிதற்றல். அதுவரை இதை மூளை வீக்கம் என்று நினைத்து ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். அது ஆளைக் கொல்லும், அபின் கொடுத்துத் தூங்க வையுங்கள் என்றார் அவர். பத்து வருஷம் கழித்து 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள், இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான். ஆனால் குடிப்பதால் வருகிறதா, நிறுத்துவதால் வருகிறதா என்ற சண்டை அதற்குப் பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. 1955-இல் ஹாரிஸ் இஸ்பெல் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு சோதனையை வெளியிட்டார். முன்பு மார்பின் பழக்கம் இருந்த 10 பேருக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்து, கூடவே 7 முதல் 87 நாள் வரை மதுவும் கொடுத்து, பிறகு ஒரே அடியாக நிறுத்தினார். அதிக நாள் குடித்தவர்களுக்கு நடுக்கம், சிலருக்கு வலிப்பு, சிலருக்குப் பிதற்றல். சாப்பாடு குறையவில்லை, சாராயம் நின்றதுதான் காரணம் என்று ஆனது. கைதிகளை வைத்துச் செய்த சோதனை. இன்றைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள், தரவும் கூடாது.

'ஒரு கிளாஸ்' வைத்தியம் நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் பாப் ஸ்மித் என்று ஒரு அறுவை மருத்துவர், பெருங்குடிகாரர். 1935-இல் ஒரு காலை ஆபரேஷன் இருந்தது, கத்தி பிடிக்கும் கை உதறியது. குடியை விட உதவி செய்துகொண்டிருந்த நண்பர் பில் வில்சனே ஒரு பாட்டில் பீரைக் கொடுத்து அனுப்பி வைத்தார். ஆபரேஷன் நடந்தது. ஸ்மித் குடித்த கடைசி பாட்டில் அது. ஜூன் 10 என்று குறித்து, அந்த நாளையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். 1957-இல் அது இந்தியாவுக்கும் வந்தது.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். எனக்குச் சித்தப்பா முறை. கார்த்திகை ஒண்ணாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டார். முந்தின நாள் ராத்திரி வரை குடி, விடிந்தால் ஒரு சொட்டு கிடையாது. ரெண்டாம் நாள் மோட்டார் கொட்டகை ஓரம் விழுந்து கை கால் இழுத்தது. கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள், வேற என்ன தெரியும் அப்போது? மூணாம் ராத்திரி, எப்போதோ விற்றுப்போன மாடுகளை அதட்டிக்கொண்டிருந்தார். சாமி குத்தம் என்றார்கள் சிலர், காத்து கருப்பு என்றார்கள் சிலர். அஞ்சாம் நாள் போய்விட்டார்.

அதைவிடக் கொடுமை, ஊர் அதில் படித்த பாடம். "பழகுன உடம்பு, திடீர்னு விட்டா தாங்காது. விட்டதாலதான் செத்தான்." இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை, அதாவது மருந்தோடு விடலாம் என்பதை, சொல்ல ஆள் இல்லை. அந்தப் பாதி உண்மையைச் சொல்லியே எங்கள் ஊரில் ஒரு தலைமுறை குடித்தது. "விடுன்னா விட்டுடுவேன் மாப்ள, அப்புறம் எம் பொண்டாட்டி தாலிக்கு நீ பொறுப்பா?" என்று என்னிடமே கேட்டவர் உண்டு.

மருந்து 1960-லேயே கடைக்கு வந்துவிட்டது. குளோர்டயசிபாக்சைடு என்று பெயர். சாராயம் அமுக்கிய அதே இடத்தை இது மெதுவாக அமுக்கும், நாளுக்கு நாள் அளவைக் குறைத்து ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். சிகிச்சை இல்லாத காலத்தில் பிதற்றல் கண்டவர்களில் நூற்றுக்கு 35 பேர் வரை செத்தார்கள். இப்போது ஐந்துக்கும் கீழே. கூடவே தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1. நெல் போடுகிறவனாக இதை மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போகிற சத்து இது. நெல்லை அவித்தால் கொஞ்சம் உள்ளே இறங்கி அரிசியிலேயே தங்கிவிடும். நூறு வருஷம் முன்பு மலேயாவில் வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளிகளுக்கு பெரிபெரி வந்து, புழுங்கலரிசி தின்ற தமிழருக்கு வராமல் இருந்ததைப் பார்த்து பிராடன் என்ற டாக்டர் எழுதி வைத்தார். குடிப்பவர் சோறே சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது. பி1 தீர்ந்தால் நடை தள்ளாடும், ஞாபகம் போகும். சில சமயம் அது திரும்புவதே இல்லை.

மருந்து இருந்து என்ன, அது டெல்டா கிராமத்துக்கு வர வேண்டுமே. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மா, கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர், 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். கூலி வேலை செய்பவன் ஒரு மாதம் சென்னையில் போய்ப் படுக்க முடியாது என்பது அவர்களுக்குப் புரிந்தது. 1980-களின் கடைசியில் சிகிச்சையையே தூக்கிக்கொண்டு கிராமத்துக்கு வந்தார்கள். வந்த இடம் மஞ்சக்குடி, எங்களுக்கு மேற்கே குடவாசல் பக்கம். அப்போது தஞ்சாவூர் ஜில்லா, இப்போது திருவாரூர். ஊரிலேயே இடம், ஊர்க்காரர்கள் துணை, 15 நாள் முகாம். முதலில் நடுக்கத்துக்கு மருந்து. தெளிந்த பிறகு பேச்சு. மனைவியையும் வீட்டாரையும் உட்கார வைத்துத் தனியாகப் பேச்சு. முகாம் முடிந்தும் தொடர்ந்து வந்து பார்த்தார்கள். 1994-இல் 'அடிக்ஷன்' என்ற சர்வதேச இதழில் 'மஞ்சக்குடி அனுபவம்' என்றே கட்டுரை வந்தது. வாய்க்கா வரப்புக்கு மட்டும் பெயர் போன நம்ம டெல்டா ஊர் ஒன்று, உலகத்து டாக்டர்கள் படிக்கும் தலைப்பில் ஏறியது இதற்காக. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

என்னைக் கேட்டால் அங்கே பெரிய விஷயம் மருந்துகூட இல்லை. குடியை விடுகிறவனை ஊரே பார்த்தது. மேலத்தெருக்காரன் ஏழாம் நாள் நடுங்காத கையால் டீ குடிப்பதைக் கீழத்தெருக்காரன் பார்த்தான். "விட்டா செத்துடுவ" என்ற பேச்சை உடைக்க அதைவிட வேற சாட்சி எது?

சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, அவனும் அதே வழியில்தான் போனான். நாலு வருஷம் முன்பு, மாலை போடும் முன்னால் போய் அரசு ஆஸ்பத்திரியில் படுத்தான். அப்பா செத்த கணக்கை அவன் மறக்கவில்லை. ரெண்டாம் நாள் கட்டில் கம்பி சத்தம் போடும் அளவுக்கு உதறியது, ஊசி போட்டார்கள், தூங்கினான். ஆறாம் நாள் சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டான். நடுவில் ஒரு தடவை வழுக்கியது, மறுபடி போய்ச் சேர்ந்தான். இப்போது ஸ்ப்ரேயர் ரிப்பேர் செய்கிறான், சின்ன வாஷரெல்லாம் அவன்தான் மாட்டுவான்.

மாலை போடும் மாதம் வருகிறது. நாகூர், வேளாங்கண்ணி என்று வேண்டிக்கொண்டு நிறுத்துகிறவர்களும் உண்டு. தினமும் குடிப்பவர் யாராவது உங்கள் வீட்டில் அப்படி முடிவெடுத்தால் நல்லது, ஆனால் தேதிக்கு முன்பே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். முன்பு விட்டபோது வலிப்பு வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண் இருக்கிறது. அங்கே முக்கியமாகக் கேட்பது "கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்பது. நாள் மட்டும் போதாது, மணியோடு சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அன்றைய ராத்திரிக்கு என்ன மருந்து என்று முடிவு செய்வார்கள்.