எரியப்போவது தெரிந்த மன்மதன்: ஆடுபவர் அறிவும் வேடத்தின் அறிவும்

மாசிக் குளிரில் இலங்கை மலையகத்தின் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் விடிய விடியத் தப்புச் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் காமன் கூத்துதான். அமாவாசைக்குப் பின் காமன் நட்டு, பௌர்ணமியை ஒட்டிச் சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவது வரை செல்லும் கூத்து அது. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களோடு மலையேறியது. மன்மதன் எரிவான் என்பது தோட்டத்து லய வீடுகளின் குழந்தைகளுக்கும் தெரியும்.

மன்மதன் வேசம் கட்டியவருக்கும் தெரியும். சிவனின் தவத்தைக் கலைக்கச் சொல்லித் தேவர்களின் ஓலை வந்துவிட்டது. பெண் வேசம் கட்டிய இளைஞர் ரதியாக வழிமறித்து, சிவனிடம் போக வேண்டாமென்று மன்றாடுகிறார். மன்மதனோ தன் கணைக்கு முன் எந்தத் தவம் நிற்கும் என்று எதிர்ப்பாட்டுப் பாடுகிறான். அந்தக் குரலில் ஒரு துளி அச்சம் கலந்தாலும் காட்சி செத்துவிடும். ஆனால் முடிவு தெரிந்த ஒருவரால்தான் அந்த வீறாப்பை எவ்வளவு ஏற்றினால் பின்னால் வரும் ரதியின் புலம்பல் கனக்கும் என்று அளந்து பாட முடியும்.

இணைய வேடமேற்பு விளையாட்டுகளில் ஓயாத ஒரு வழக்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1974இல் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டிலும், 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’ என்ற கணினி உலகிலும் வேர்விட்ட மரபு இது. விளையாடுபவர் அறிந்ததைப் பாத்திரம் அறிந்ததாகப் பயன்படுத்துவதை ‘மெட்டாகேமிங்’ என்பார்கள். 2004இல் வந்த ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்தின் தலைக்கு மேலும் பெயர் மிதக்கும். திரைக்கு முன் இருப்பவர் அதை வாசிக்கலாம். அவருடைய பாத்திரம் வாசிக்கக் கூடாது. முன்பின் அறியாதவரைப் பெயர் சொல்லி அழைத்தால், வேடத்தை மதித்து ஆடுபவர்களுக்கு அது பெரும் பிழை. ஆடுபவராகப் பேச வேண்டியதை இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதும் வழக்கமும் இதற்காகவே பரவியது.

இந்த விதிகள் தேவையானவை. ஆனால் அவற்றின் அடியில் ஒரு தவறான எண்ணமும் ஓடுகிறது. ஆடுபவரின் அறிவு ஒரு கறை, அதைத் துடைத்துவிட்டால் வேடம் தூய்மையாகும் என்பதே அது. காமன் கூத்து இதை ஏற்கவில்லை. அறிவு எதற்கு வேலை செய்கிறது என்பதே அங்கே கேள்வி. மன்மதன் வேசக்காரரின் அறிவு அவரைத் தீயை நோக்கி நடத்துகிறது. இணையத்திலோ அதே அறிவு பாத்திரத்தைக் குழியிலிருந்து காப்பாற்ற, எதிரியின் ஒளிவிடத்தைக் கண்டுபிடிக்க, பொருள் சேர்க்கத் திரும்பிவிடுகிறது. கூத்தில் மன்மதன் தோற்றாலும் ஆடியவருக்கு இழப்பில்லை. வெற்றிக்குப் பரிசு வைத்த உலகில் அறியாமையை நடிப்பதற்கு உண்மையாகவே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

கூத்து மரபு எல்லையை வெறும் தடையாக விட்டுவிடவும் இல்லை. காப்புக் கட்டு, விரதம், அரிதாரம் எல்லாம் ஒருவரைப் படிப்படியாக வேசத்துக்குள் கொண்டுபோகின்றன. தமிழகத் தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்கு எல்லையைத் தாண்டும் உரிமையே உண்டு. ராஜாவிடம் சேவகனாகப் பேசிய வாயால், அடுத்த நொடி சபையைப் பார்த்து ஊர் நடப்பைப் பேசுவார். இரட்டை அடைப்புக்குறியின் வேலையை ஒரு மனிதர் செய்கிறார். கூடவே சிரிக்கவும் வைக்கிறார். இணைய விளையாட்டுகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

மறுமுனையில் காமன் கூத்தின் வீரபத்திரன் நிற்கிறார். அந்த வேசக்காரருக்கு அருள் ஏறிவிட்டால் ஆடுபவர் வேறு, வேசம் வேறு என்ற பிரிவே கரைந்துபோகும். அப்போது பக்கத்தில் நிற்பவர்கள்தான் அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆடுபவரின் அறிவு முழுக்க அழிந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக எங்கே காண முடியும்? அந்த அறிவைக் கொஞ்ச நேரம் சுற்றி நிற்கும் ஊர் சுமக்கிறது.

தஞ்சைப் பக்கத்து லாவணிப் பாட்டுப் போட்டியில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் விடிய விடிய வாதாடும். வாதத்துக்குப் புராணமே இடம் வைத்திருக்கிறது. ரதியின் கண்ணீருக்கு இரங்கிய சிவன் மன்மதனை உயிர்ப்பிக்கிறார். ஆனால் இனி அவன் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். அந்தக் கட்டத்தைக் கூத்தாக ஆடும்போது, கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருக்கும் சனம் முழுக்க மன்மதனைப் பார்க்கிறது. ரதியைத் தவிர யாரும் அவனைப் பார்க்கவில்லை என்றும் அதே சனம் ஒப்புக்கொள்கிறது.