உணவகங்களில் புகைக்குத் தடை

மலேசிய உணவகங்களில் புகைபிடிக்கும் பழக்கத்தைச் சட்டம் ஒரே நாளில் அகற்றிவிடவில்லை. 2004ஆம் ஆண்டு வந்த புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் குளிரூட்டப்பட்ட உணவகங்களைத்தான் குறிவைத்தன; மதுக்கூடங்களுக்கும் இரவு விடுதிகளுக்கும் விலக்கு இருந்தது. காப்பார், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து மாமாக் கடைகளும் ஒட்டுக்கடைகளும் பெரும்பாலும் திறந்தவெளிக் கடைகள். தே தாரிக், ரொட்டி சானாய், இரவு நெடுநேரம் ஓடும் கால்பந்தாட்டம், கூடவே சிகரெட் என்று அங்கே தனியொரு வாழ்க்கை நடந்தது.

2019 ஜனவரி 1 முதல் தடை திறந்தவெளி மேசைகளுக்கும் நீண்டது. புகைப்பவர் உணவு மேசையிலிருந்து 3 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். மேசை நாற்காலிகள் நடைபாதை வரை பரவிக் கிடக்கும் கடைகளில் அந்த 3 மீட்டரை எங்கிருந்து அளப்பது என்பதே பெரும் தலைவலி. நியாயமாகப் பார்த்தால், நாள் முழுக்கப் புகைக்கு நடுவே தட்டு ஏந்திய பரிமாறுபவரின் நுரையீரலைப் பற்றித்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். வாதமோ வாடிக்கையாளரின் உரிமையைச் சுற்றியே வளர்ந்தது. புகைப்பவர்கள் எழுவர் அரசியலமைப்பு உரிமையைக் காட்டித் தொடுத்த வழக்கைக் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் தள்ளுபடி செய்தது.

முதல் ஓராண்டு எச்சரிக்கையோடு போனது. 2020 ஜனவரியிலிருந்து அபராதம் விதிக்கப்பட்டது. 2024 அக்டோபர் 1 அன்று நடப்புக்கு வந்த புதிய சட்டம் மின்சிகரெட்டையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.