உயில்: எழுதுகிறவர் யார்?

‘பிறர் தூண்டுதலின்றி, நல்ல நினைவோடும் சுயபுத்தியோடும் எழுதி வைத்த உயில் சாசனம்.’ எல்லாப் பத்திர எழுத்தர்களுக்கும் மனப்பாடமான வாக்கியம் இது. 1996இல் அப்பாவுக்காக இதை நான் என் கையால் எழுதினேன். “நாலெழுத்து படிச்சவன் நீ. பத்திரக்காரனுக்கு எதுக்குக் காசு?” என்றார். பிறர் தூண்டுதல் இல்லை என்று எழுதியவன், அந்த உயிலால் ஆதாயம் அடையப்போகிற ஒரே மகன்.

உயில் நம்முடையதல்ல, சொல்லே ஆங்கிலம். மிதாட்சர முறையில் பிதிரார்ஜித சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே உரிமை வந்துவிடுகிறது. செத்த பிறகு யாருக்கு என்று தகப்பன் தீர்மானிக்க அங்கே இடமில்லை. கம்பெனி அதிகாரிகளுக்கும் இதில் குழப்பம் இருந்தது. இந்து சட்டத்துக்கு ஒத்துப்போகும் அளவுக்குத்தான் இந்துக்களின் உயில் செல்லும் என்று சென்னை மாகாணத்துக்கு 1829இல் ஒரு ரெகுலேஷன் போட்டார்கள். 1870இல் இந்து உயில்கள் சட்டம் வந்தது. வங்காளத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் முதலில்.

இடையில் நடந்ததுதான் முக்கியம். மதம் மாறினால் சொத்துரிமை போகும் என்ற பழைய விதியை 1850ஆம் ஆண்டுச் சட்டம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பிரசன்னகுமார் தாகூரின் ஒரே மகன் ஞானேந்திரமோகன் கிறிஸ்தவரானார். சட்டம் மகனைக் காப்பாற்றியது. தகப்பன் உயிலைக் கையில் எடுத்தார். மகனுக்கு ஒன்றுமில்லை, சொத்து மற்ற உறவினர்களுக்கு, அதுவும் ஆண்வழியில் மட்டுமே தலைமுறை தலைமுறையாக. 1872இல் பிரிவி கவுன்சில், பிறக்காத வாரிசுகளுக்கு இப்படிப் புது வாரிசு முறை வகுக்க முடியாது என்று அந்தப் பகுதியைத் தள்ளியது. ஆனால் மகனை ஒதுக்கும் உரிமை தகப்பனுக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டது. தனிமனித சுதந்திரத்தின் கருவி என்று நம்முடைய நவீனத்துவவாதிகள் சொல்லக்கூடிய இந்தப் பிரதி, இங்கே நுழைந்த வழி இதுதான்: சட்டம் ஒரு கதவைத் திறந்தால், குடும்பம் பின்பக்கத்தில் சாத்திக்கொள்ள ஒரு தாழ்ப்பாள்.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை முதல் வகுப்பு வாரிசாக்கியது. அதே சட்டத்தின் 30ஆம் பிரிவை நம் தோழர்கள் அதிகம் பேசுவதில்லை. பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கை ஓர் ஆண் உயில் எழுதிக் கொடுக்கலாம் என்று முதன்முறையாக அனுமதித்தது அந்தப் பிரிவுதான். வலது கை கொடுத்ததை இடது கை வாங்கிக்கொண்டது. (முஸ்லிம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத, மற்ற வாரிசுகள் சம்மதிக்காதவரை, முடியாது. மகளை அடியோடு வெட்டிவிட அங்கே உயிலால் ஆகாது. பொது சிவில் சட்டம் பேசுகிறவர்கள் இதை ஏன் பேசுவதில்லை?)

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். தாத்தா வழி நிலம் இரண்டு ஏக்கர். தமிழ்நாடு 1989இல் மகளையும் பிறப்பால் பங்காளி ஆக்கியது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. அக்காமார் இரண்டு பேருக்கும் அதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. ஆக அப்பாவுக்குப் பாதி, எனக்குப் பாதி. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அவருடைய நூறு சென்ட் அம்மா, இரண்டு அக்கா, நான் என நாலாகும். ஆளுக்கு 25 சென்ட். உயில் விழுங்கியது இந்த 25 சென்டைத்தான். ‘மகள்களுக்குச் சீர்வரிசை செய்து முடித்துவிட்டபடியால்’ என்று ஒரு வரி. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் பங்காளிகள். பதிவு கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும்.

அப்பா 1999இல் இறந்தார். 2005 திருத்தம் கல்யாணமான மகளுக்கும் பிறப்புரிமை தந்தது; ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் உயில் மூலம் கைமாறியதைத் தொடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. என் கையெழுத்து அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறது.

காரியம் முடிந்த மறுநாள் பெரியக்கா அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். கோபப்படவில்லை. “சீர் செஞ்சதா எழுதியிருக்கியே தம்பி, எவ்வளவுன்னு எழுதலியே?” என்று கேட்டாள். பிறகு மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.